தட்டில் தோன்றிய வளையம்

"இம்மூலிகை நோய்க் கிருமிகளைக் கொல்லும் என்று ஆராய்ச்சியில் கண்டறியப்பட்டுள்ளது." இத்தகைய ஒரு வாக்கியத்தை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். மருந்துப் புட்டியின் உறையில் இருக்கும். பற்பசை விளம்பரத்தில் இருக்கும். உறவினர் ஒருவர் அன்போடு அனுப்பும் செய்தியிலும் இருக்கும். அதற்குத் துணையாக இன்னொரு வாக்கியமும் வரும்: "இதில் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்துள்ளன." இவ்விரண்டும் பெரும்பாலும் பொய்யல்ல. ஆனால் மெய்யில் எவ்வளவு பங்கு அவற்றில் உள்ளது என்பதை அறிய வேண்டுமானால், அந்த ஆராய்ச்சி எவ்வாறு நடைபெறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் இதை நூல்களிலிருந்து மட்டும் கற்றேன் என்று சொல்ல முடியாது. ஒரு பிழையிலிருந்து கற்றேன். பிழை என்னுடையது. அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் முதுகலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டிறுதியில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு ஆய்வு செய்து கட்டுரை அளிக்க வேண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது குப்பைமேனி. எங்கள் ஊரில் வேலியோரத்திலும் கொல்லைப்புறத்திலும் யாரும் விதைக்காமலே வளரும் செடி அது. பூனைவணங்கி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. வீட்டுக் குழந்தைகளுக்குச் சொறி சிரங்கு வந்தால், என் பாட்டி அதன் பச்சிலையைப் பறித்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து அம்மியில் அரைத்துப் பூசி, சற்று நேரம் உலரவிட்டுக் குளிப்பாட்டுவார். அந்த எரிச்சலில் அழுதவர்களுள் நானும் ஒருவன். பாட்டியின் மருத்துவத்தை விஞ்ஞானத்தால் மெய்ப்பித்துக் காட்டுவேன் என்று உறுதி பூண்டேன். கவனியுங்கள்: 'மெய்ப்பிப்பேன்' என்றுதான் எண்ணினேனே அன்றி, 'மெய்தானா என்று பார்ப்பேன்' என்று எண்ணவில்லை. பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

சோதனையின் முதற்படி, செடி இன்னது என்று உறுதி செய்வது. ஒரே பெயரில் பல செடிகளும், பல பெயரில் ஒரே செடியும் வழங்கும் நாடு நம் நாடு. கீழாநெல்லியைப் பறிக்கப் போய், அதைப் போன்றே தோன்றும் அதன் இனத்துச் செடிகளைப் பறித்து வருவது எளிது. ஆகவே, பூவும் காயும் கொண்ட கிளையொன்றை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, தாவரவியல் அறிஞரிடம் காட்டிப் பெயரை உறுதி செய்து, அதனைப் பாதுகாத்து வைப்பார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இத்தகைய உலர்தாவரங்களின் பெருந்தொகுப்பு ஒன்று உள்ளது. பின்னாளில் யாரேனும் ஐயம் எழுப்பினால், 'இதோ நான் சோதித்த செடி' என்று எடுத்துக் காட்ட அந்தத் தாள் உதவும்.

அடுத்தது, இலையின் சாரத்தைப் பிரித்தெடுப்பது. பெருங்காயத்தின் மணத்தைத் தாளிக்கும் எண்ணெய் இழுத்துக்கொள்கிறது. காப்பித்தூளின் சாரத்தை வெந்நீர் இழுத்துக்கொள்கிறது. செடியிலும் அப்படியே. தண்ணீரில் கரைவது ஒன்று, ஆல்கஹாலில் கரைவது ஒன்று, எண்ணெய்ப் பசையை மட்டும் கரைக்கும் திரவத்தில் கரைவது வேறொன்று. எனவே 'குப்பைமேனிச் சாறு' என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எதில் ஊறிய சாறு என்பதையும் சொல்ல வேண்டும். நான் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மூன்று நாள் ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டினேன். கரும்பச்சை நிறத்தில் சாறு கிடைத்தது.

கிருமிகளை வளர்ப்பதற்கு அகார் என்னும் கூழ் வேண்டும். அது வேறொன்றுமன்று, நோன்பு நாள்களில் நம் இஸ்லாமிய நண்பர் இல்லங்களில் இனிப்பாகச் செய்யும் கடற்பாசிதான். அது ஆய்வுச்சாலைக்கு வந்ததும் ஓர் அடுக்களை வழியாகத்தான். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் 1881ஆம் ஆண்டளவில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் பணிபுரிந்தார். கிருமிகளை வளர்க்க அவர் பயன்படுத்திய ஜெலாட்டின் வெயில் நாளில் உருகி ஓடியது. அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தாம் பழக்கூழ் செய்யப் பயன்படுத்தும் அகார் வெப்பத்தைத் தாங்குமே என்று சொன்னார். நுண்ணுயிர் விஞ்ஞானம் இன்றுவரை அந்த அம்மையாரின் யோசனையின்மேல்தான் நிற்கிறது. அக்கூழை ஊற்றி வைக்கும் மூடியுடன் கூடிய தட்டை 1887இல் பெட்ரி என்பவர் அமைத்தார்.

அத்தட்டின்மேல் கிருமிகளைச் சீராகப் பரப்புகிறோம். அவற்றின் தொகைக்கும் கணக்கு உண்டு: ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி என்ற அளவில் கலங்கிய நீரைப் பஞ்சால் தொட்டுத் தடவ வேண்டும். பிறகு கூழில் சிறு குழி வெட்டிச் சாற்றை ஊற்றுவது ஒரு முறை. சாற்றில் தோய்த்த 6 மில்லிமீட்டர் காகித வட்டை வைப்பது மற்றொரு முறை. தட்டுகளை 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால், கிருமிகள் பெருகித் தட்டு முழுவதும் மங்கிய படலமாகப் படரும். சாறு அவற்றைத் தடுத்திருந்தால், குழியைச் சுற்றிப் படலமில்லாத தெளிந்த வளையம் தோன்றும்.

நான் குழி முறையைக் கையாண்டேன். புண்களில் சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியைப் பரப்பினேன். மறுநாட் காலை தட்டைத் திறவாமலே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழியைச் சுற்றி அழகான வளையம்! அளவுகோலால் அளந்தேன், 15 மில்லிமீட்டர். அன்று மாலையே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். குப்பைமேனி சீழ்க் கிருமியைக் கொல்கிறது என்றும், அதை நான் என் கண்ணால் கண்டேன் என்றும், பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள் என்றும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துத் தட்டைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, வெறும் ஆல்கஹால் ஊற்றிய குழி எங்கே?"

நான் விழித்தேன். ஆல்கஹாலே கிருமியைக் கொல்லும் பொருள்தானே! ஊசி போடுமுன் தோலைத் துடைப்பது அதனால்தானே! மறுநாள் ஒரு குழியில் சாற்றையும், இன்னொரு குழியில் வெறும் ஆல்கஹாலையும், மூன்றாவது இடத்தில் அறிந்த ஆண்டிபயாட்டிக் மருந்து ஒன்றையும் வைத்துச் சோதித்தேன். சாற்றுக்கு வளையம் 15 மில்லிமீட்டர். வெறும் ஆல்கஹாலுக்கு 13. என் பாட்டியின் செடிக்கு எஞ்சியது இரண்டே மில்லிமீட்டர். பிறகு ஆல்கஹாலை முற்றிலும் ஆவியாக்கிவிட்டு, உலர்ந்த வட்டுகளில் மூன்று முறை செய்து பார்த்தேன். 6 மில்லிமீட்டர் வட்டைச் சுற்றி 8 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய வளையம் இருந்தது. குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமியின் தட்டில் அதுவும் இல்லை. அதில் வியப்பில்லை, அவ்வகைக் கிருமிகளுக்கு வெளிப்புறத்தே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு, தாவரச் சாறுகள் பலவற்றை அது உள்ளே விடுவதில்லை.

கட்டுரையை உள்ளபடி திருத்தி எழுதிக் கொடுத்தேன், தேர்வும் பெற்றேன். ஆனால் வீட்டுக்கு இரண்டாவது கடிதம் எழுதவில்லை. வளையத்தைப் பற்றி எழுதிய கை, அது பெரும்பாலும் ஆல்கஹாலின் வேலை என்று எழுதக் கூசியது. அந்தக் கடிதம் என்ன செய்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வெறும் ஆல்கஹால் ஊற்றிய அந்தக் குழிக்கு விஞ்ஞானத்தில் ஒப்புச் சோதனை என்று பெயர். சோதிக்கும் பொருள் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல இயலும். அஃதில்லாத சோதனை, எதிர்க்கட்சியின் சாட்சியை விசாரிக்காமலே எழுதிய தீர்ப்பைப் போன்றது.

ஒப்புச் சோதனை சரியாக அமைந்தாலும் வளையம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கூழில் எளிதாகப் பரவும் பொருள் பெரிய வளையத்தைத் தரும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் நல்ல வீரியம் உடையதாயினும் பரவ மாட்டாமல் குழியிலேயே தங்கிவிடும். ஆகவே இரண்டு மூலிகைகளின் வளையங்களை அளந்து, பெரிய வளையம் தந்தது சிறந்த மருந்து என்று கூறுவது தவறு. இதைத் தீர்க்க வேறொரு சோதனை உண்டு. வரிசையாகச் சோதனைக் குழாய்களை வைத்து, முதற்குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராம், அடுத்ததில் 500, அதற்கடுத்ததில் 250, பின் 125 என்று சாரத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே செல்வார்கள். கிருமி வளராத குழாய்களுள் மிகக் குறைந்த அளவு எதுவோ, அதுவே அச்சாரத்தின் தடுப்பளவு.

இந்த அளவு ஏன் முக்கியம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாரம் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தால்தான் கிருமியைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த மனிதர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் குருதி உள்ளது. குருதியில் மட்டுமே அந்த அளவை எட்ட வேண்டுமானாலும் 50 கிராம் சாரம் முழுவதும் குருதியில் கலக்க வேண்டும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாரம் கிடைப்பதாகக் கொண்டால், அரைக் கிலோ உலர்ந்த இலை! நாம் உண்பது முழுவதும் குருதியில் சேர்வதுமில்லை. நல்ல ஆண்டிபயாட்டிக் மருந்துகளோ மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலும், அதற்குக் குறைவாகவும் கூட வேலை செய்கின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இன்னொரு கேள்வியும் உண்டு. கிருமியைக் கொல்லும் பொருள் நம் உடலின் உயிரணுவை விட்டுவைக்குமா? தரை கழுவும் ஃபினாயில் தட்டில் பெரிய வளையம் தரும். அதனை யாரும் குடிப்பதில்லை. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் உப்பின் செறிவும் கூடச் சில கிருமிகளைத் தடுக்கும். கடுக்காயைப் போலத் துவர்ப்பு மிகுந்த சாறுகள் எதிர்ப்பட்ட புரதத்தையெல்லாம் இறுகச் செய்யும். ஆகவே கிருமியைக் கொல்லுதல் அரிய செயலன்று. கிருமியைக் கொன்று மனிதனைக் காத்தல்தான் அரிய செயல்.

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். வாழைப்பூவை நறுக்கிய உடனே மோர் கலந்த நீரில் போடுவதை உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். வெளியே கிடந்தால் கறுத்துப் போகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. மோரின் புளிப்பு அதனைத் தணிக்கிறது. நம் உடலினுள்ளும் ஆக்ஸிஜனைக் கொண்டு நடக்கும் வினைகளில் சில முரட்டு மூலக்கூறுகள் பிறக்கின்றன. அவை உயிரணுக்களைத் தாக்கக்கூடும். அவற்றை அடக்குபவையே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள்.

இப்பண்பை அறியும் சோதனைகளுள் ஒன்று கண்ணுக்கு மிக இனியது. டி.பி.பி.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஊதாநிறக் கரைசல் ஒன்று உண்டு. அதில் தடுப்பான் உள்ள சாற்றைச் சேர்த்தால், ஊதா மறைந்து மஞ்சளாகும். எவ்வளவு மறைந்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் கருவியால் அளந்து, வைட்டமின் சியோடு ஒப்பிடுவார்கள். இம்முறையை 1958இல் பிளாயிஸ் என்னும் அறிஞர் வெளியிட்டார். இதனைத் தேயிலை வெல்லும், நெல்லிக்காய் வெல்லும், துவர்ப்புள்ள இலைகள் பலவும் வெல்லும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: நம் உடலில் டி.பி.பி.எச். இல்லை. குழாயில் நிறம் மாறியது என்பதற்கு, உடலில் நோய் மாறியது என்று பொருளில்லை.

இது வீண் எச்சரிக்கையன்று. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினும் ஒரு தடுப்பான் என்றே கருதப்பட்டது. அது நுரையீரற் புற்றைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் சோதனை நடத்தினர். 1994இல் முடிவு வெளிவந்தது. அதனை மாத்திரையாக உண்டவர்களிடையே நுரையீரற் புற்று குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்திருந்தது. காய்கறி உண்பது நன்று. ஆனால் காய்கறியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, சோதனைக் குழாயின் சான்றிதழோடு மாத்திரையாக விழுங்குவது வேறு.

ஒரே சோதனையைப் பலரும் திரும்பச் செய்வதன் தேவைக்கு நம்மூர்ச் செடியே சான்று. மஞ்சட் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நம் வழக்கம். 1988இல் சென்னை அறிஞர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் தாங்கியவர்களுக்கு அதன் பொடியைக் கொடுத்துச் சோதித்தனர். உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. ஒப்புச் சோதனையோடு முறையாக நடந்த ஆய்வு அது. 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் 1990இல் அதே இதழில் வந்த தாய்லாந்து ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை. செடி விளைந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா என்ற கேள்விகள் எழுந்தன. அச்செடியால் அந்நோய் தீரும் என்பது இன்றளவும் நிலைநாட்டப்படவில்லை.

அப்படியானால் மூலிகைகளைச் சோதிப்பதே வீண் வேலையா? அன்று, அன்று. சீனத்தில் தூ யூயூ என்னும் பெண்மணி, மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டி, நூற்றுக்கணக்கான சாறுகளை எலிகளிடம் சோதித்தார். ஆர்ட்டிமிசியா என்னும் செடியின் சாறு ஒருமுறை பயன் தந்தது, மறுமுறை கைவிட்டது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலைத் திரும்பப் படித்தார். அதில் அச்செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. வெப்பம்தான் மருந்தை அழிக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில், 191ஆம் எண்ணிட்ட அந்தச் சாறு எலிகளின் மலேரியாக் கிருமியை முற்றிலும் அடக்கியது. பிறருக்குக் கொடுக்குமுன் அவரும் அவருடைய தோழர்களும் தாமே அதை உண்டு பார்த்தனர். அதிலிருந்து பிறந்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் பல இலட்சம் உயிர்களைக் காத்தன. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை அவர் வணங்கியும் ஒதுக்கவில்லை; இகழ்ந்தும் ஒதுக்கவில்லை; ஊன்றிப் படித்தார்.

வளையத்துக்கும் மருந்துக்கும் உள்ள தூரத்தை அறியப் பெனிசிலினையே பாருங்கள். லண்டனில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் தம் தட்டில் பூஞ்சையைச் சுற்றித் தெளிந்த வட்டத்தைக் கண்டது 1928இல். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியும் செயினும் அவர்களுடைய குழுவினரும், கொடிய கிருமியைச் செலுத்திய எட்டு எலிகளுள் நான்குக்குப் பெனிசிலின் கொடுத்து, அந்த நான்கும் பிழைத்ததைக் கண்டது 1940இல். இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! என் வளையத்துக்கும் என் கடிதத்துக்கும் இடையே இருந்தது ஒரு பகல்.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றேன். என் தந்தையார் அந்தக் கடிதத்தைத் திண்ணையில் அமர்ந்து பலருக்கும் படித்துக் காட்டியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நீரிழிவு. காலில் ஒரு புண். மருத்துவமனைக்குப் போகப் புறப்பட்டவர், 'படித்த பிள்ளையே எழுதியிருக்கிறானே' என்று பயணத்தை நிறுத்திவிட்டு, மூன்று வாரம் குப்பைமேனியை அரைத்துக் கட்டினார். பிறகு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான் போய்ப் பார்த்தேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. "உன் ஆராய்ச்சி எப்படிப் போகுது தம்பி?" என்று விசாரித்தார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை.

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் சின்னப் பிள்ளைகளோட சொறிக்குத்தானேப்பா பூசினேன். ஆறாத கால் புண்ணுக்கு நான் எப்போ போட்டேன்? அதுக்கு வைத்தியர்கிட்ட போகச் சொல்லித்தானே சொல்லுவேன்."

அப்போதுதான் என் அறியாமையின் முழு அளவும் விளங்கிற்று. சொறி என்று நாம் சொல்வதில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணி போன்ற சிற்றுயிரால் வருவதும் உண்டு. நானோ சீழ்க் கிருமியைத் தட்டில் வைத்துச் சோதித்தேன். பாட்டி பச்சிலையை உப்போடும் மஞ்சளோடும் அரைத்தார். நான் உலர்ந்த இலையை ஆல்கஹாலில் ஊறவைத்தேன். பாட்டியின் மருந்தை நான் சோதிக்கவே இல்லை. அவர் தம் மருந்தின் எல்லையை அறிந்திருந்தார். நான் அவருடைய எல்லையையும் காணவில்லை. என் சோதனையின் எல்லையையும் காணவில்லை.

நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களில் இதே தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். அவ்வேலைக்கு உங்களைப் போன்றோர் பெரிதும் தேவை. ஏனெனில் ஆண்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கிருமிகள் பணிய மறுக்கின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் அத்தகைய கிருமிகளே நேர்க் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். புதிய மருந்து நம் வேலியோரத்திலும் இருக்கக்கூடும். வளையத்தைக் கண்டால் மகிழுங்கள். மகிழ்ந்த பின் வெறும் கரைப்பான் ஊற்றிய குழியைப் பாருங்கள். எந்த அளவில் என்று கேளுங்கள், எந்தக் கிருமி என்று கேளுங்கள், மனித உயிரணுவுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள், மீண்டும் செய்யுங்கள். பிழை என்று தெரிந்தால், முதற்கடிதத்தை எழுதிய அதே வேகத்தில் இரண்டாவது கடிதத்தையும் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட அந்தக் கடிதத்தைத்தான் இன்று உங்கள்முன் படித்திருக்கிறேன்.